அருணை நாட்டுப் பள்ளிகளும் செவிப்புலன் குன்றிய மாணாக்கரும்

நம் பழைய கல்விமுறை செவியை நம்பி எழுந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை முன்மொழிய, ஏனைய பிள்ளைகள் ஒரே குரலிற் பின்மொழிந்து, எண்சுவடியையும் ஆத்திசூடியையும் நெட்டுருப் பண்ணுவதே வித்தை எனப்பட்டது. மணலில் விரலால் எழுத்தைத் தீட்டுதல் போன்ற சில வழக்கங்களே கண்ணுக்கும் கைக்கும் உரியனவாக இருந்தன. இத்தகைய பள்ளியிற் காது கேளாத பிள்ளைக்கு இடமிருந்திருக்க நியாயமில்லை. ஸ்மிருதியும் அப்பிள்ளைக்கு அனுகூலமாக இல்லை: பிறவிச் செவிடரையும் ஊமையரையும் தாயபாகத்துக்கு உரியரல்லர் என மனு விலக்கிவைத்தார், 1928-ஆம் ஆண்டின் சட்டமே அத்தடையை நீக்கிற்று. படிப்பும் இல்லை, பங்கும் இல்லை என்ற அந்த நிலையிலிருந்து இன்றைய ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் முதற் பெஞ்சு வரையில் அப்பிள்ளை வந்து சேர்ந்த வழியை, அருணை எனப்படும் திருவண்ணாமலையை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தேயத்திற் காது கேளாதோர்க்கு முதற் பள்ளி கண்டவர்கள் பம்பாயிற் கத்தோலிக்க மிஷனரிமார் (1885). கல்கத்தாவில் 1893-இல் வங்காளத்தார் ஒன்றை நிறுவினர். தமிழ்நாட்டில் 1897-இல் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்ஸன் என்னும் ஆங்கில மாது தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயராலேயே விளங்குகிறது. பின்னர் மயிலைச் சாந்தோமிலும் ஒன்று தோன்றிற்று. அக்காலத்துத் திருவண்ணாமலைக் குடியானவன் ஒருவனுக்கு இவற்றில் எதுவும் அண்மையில் இல்லை. பிள்ளையைப் பள்ளியிற் சேர்ப்பதென்றால் விடுதியில் விட்டுவிட்டு வருவது என்பதே பொருள். ஐந்து வயதுப் பெண்ணை அவ்வாறு விட்டுவர மனம் துணிந்த தாய்மார் எத்தனை பேர் இருந்திருப்பர்?

இப்பள்ளிகள் தோன்றிய காலமோ சைகைக்குக் கேடுகாலம். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மகாநாடு, வாய்மொழிப் பயிற்சியே உத்தமம் என்றும் சைகை அதற்கு இடையூறு என்றும் தீர்மானித்தது. அதன் செல்வாக்கு கடல் கடந்து இங்கும் பரவ, நம் பள்ளிகளிற் பெரும்பாலானவை உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை உணரும் பயிற்சியையே பிரதானமாகக் கைக்கொண்டன. வகுப்பறையில் விலக்கப்பட்ட சைகையோ விடுதிக் கூடத்திலும் விளையாட்டு வெளியிலும் பிள்ளைகளுக்குள்ளேயே தழைத்தது. வாய்திறவாமற் சின்முத்திரையால் உபதேசிக்கும் தட்சிணாமூர்த்தியைச் சிவாலயந்தோறும் தென்புறக் கோட்டத்தில் எழுந்தருளச் செய்து வணங்கும் நாட்டில், கையாற் பேசிய பிள்ளை கண்டிக்கப்பட்டது விந்தையிலும் விந்தை. மிலான் தீர்மானங்களைக் காது கேளாதோர் கல்விக்குரிய உலக மகாநாடு முறைப்படி நிராகரிப்பதற்கு 2010 வரையிற் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வாய்மொழி முறை தமிழ்ப் பிள்ளைக்கு எவ்வளவு கடினம் என்பது சற்று நின்று நோக்கத்தக்கது. பாலை, மாலை என்னும் இரு சொற்களும் உதட்டில் ஒன்றாகவே தோன்றும். ககரம் நாவின் அடியிற் பிறப்பதால் வெளியே புலப்படுவதில்லை. லகர ளகர ழகரங்களின் பேதத்தை உதட்டைக்கொண்டு உணர்தல் இயலாது. மேலும், நம் மொழியின் இலக்கணம் சொல்லின் இறுதியில் தங்கியிருக்கிறது: ஐ, ஆல், கு முதலிய உருபுகளும் வினைவிகுதிகளும் பேச்சின் கடைசியில் மெலிந்து ஒலிப்பதால், குறைந்த செவிப்புலனுடைய பிள்ளைக்கு முதலில் நழுவுபவை அவையே. இத்தகைய பிள்ளை உருபுகளை விட்டு எழுதும்போது அதனை மந்தபுத்தி என்று கொள்ளும் ஆசிரியர் காரணத்தை அறியாதவரேயாவர்.

சென்னையில் 1969-இல் தோன்றிய பாலவித்யாலயா, கைக்குழந்தைப் பருவத்திலேயே தாயையும் வகுப்பில் உடனிருத்திப் பேச்சுப் பயிற்சி அளித்துப் பிள்ளையைச் சாதாரணப் பள்ளிக்கு அனுப்புவதை இலட்சியமாகக் கொண்டது. இதற்கிணங்க, 1974-இல் மத்திய அரசு வகுத்த ஒருங்கிணைந்த கல்வித் திட்டமும், செவிப்புலன் குன்றியோர் ஒரு மொழி மாத்திரம் பயின்றாற் போதும் என்று பாடத்தை மாற்றியமைக்க வழிசெய்த 1995-ஆம் ஆண்டுச் சட்டமும், அனைவருக்கும் கல்வி இயக்கமும் வந்தன. 1989-இல் தனி மாவட்டமாகப் பிரிந்த திருவண்ணாமலைக்கு இவ்வரலாறு முழுவதும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் உருவிலேயே வந்து சேர்ந்தது எனலாம். ஒருவரே பல பள்ளிகளைச் சுற்றிவரும் இவ்வேற்பாட்டில் ஜவ்வாது மலைச் சிற்றூர்ப் பிள்ளைக்குக் கிட்டும் நேரம் சொற்பமே.

2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால், செல்வர்க்கே எட்டிய, உட்செவியிற் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் சிகிச்சை ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகட்கும் இலவசமாயிற்று. பெரும் பேறுதான், ஆனால் கருவி ஒலியைத் தருமேயன்றி மொழியைத் தராது. இடைவிடாத பயிற்சியின்றேல் சிகிச்சையின் பயன் பாதியில் நின்றுவிடும். கூலிவேலைக்குப் போகும் பெற்றோர்க்கு அப்பயிற்சிக்கு அலைவதே பெருஞ் சுமை.

ஜனங்கள் காது மிஷின் என்று வழங்கும் காதொலிக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் தாழ்கிறது. ஆசிரியர் ஒரு மீட்டரில் நிற்பதற்கும் நான்கு மீட்டரில் நிற்பதற்கும் 12 டெசிபல் வேற்றுமை. தேர்வீதியை அடுத்த பள்ளியிற் பஸ்ஸின் ஹாரனையும் கார்த்திகைத் தீபக் காலத்து ஒலிபெருக்கியையும் கருவி சேர்த்தே பெருக்கிக் காட்டும். கரும்பலகையைப் பார்த்தவாறு பேசாமல், ஜன்னல் வெளிச்சம் தம் முகத்தில் விழ நின்று, சொல்வதை எழுதியும் காட்டும் ஆசிரியரால் விளையும் நன்மை, செலவேதும் இல்லாதது; அதனாற்றானோ என்னவோ, எத்திட்டத்திலும் அதற்குரிய மதிப்பு இல்லை.

2016-ஆம் ஆண்டின் சட்டம் இரு காதிலும் 60 டெசிபலேனும் இழந்தவரையே செவிப்புலன் குன்றியவர் எனக் கொள்கிறது. காதிற் சீழ் வடிந்து வடிந்து 40 டெசிபல் இழந்த சிறுவன் இவ்வரையறைக்கு வெளியே நிற்கிறான். கூப்பிட்டாற் சில வேளை திரும்பியும் சில வேளை திரும்பாமலும் இருக்கும் அவனைக் கவனமற்றவன் என்று கடைசிப் பெஞ்சுக்கு அனுப்புவதே பல வகுப்பறைகளில் நடப்பது. அடையாள அட்டை இல்லாமையால் சிறப்பாசிரியரின் பதிவேட்டிலும் அவன் பெயர் ஏறுவது அருமை.