தூத்துக்குடி புழுக்கத்தில் பச்சிளம் குழந்தைக்கு டயப்பர் போடலாமா? எப்போ மாத்தணும், எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரமே இந்தச் சண்டை தொடங்கிவிடும். "டயப்பர் போட்டா கால் அகண்டுடும், பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டு" என்பார் ஆச்சி. "ராத்திரி எத்தனை தடவைதான் எந்திரிக்கிறது?" என்பார் குழந்தையின் அம்மா. கால் விஷயத்தில் ஆச்சி சொல்வது சரியில்லை. பிறந்த குழந்தையின் கால் இயல்பாகவே வளைந்துதான் இருக்கும். பெரும்பாலும் 2 வயதுக்குள் நேராகிவிடும். கால்களை நேராக இழுத்துத் துணியால் இறுக்கிச் சுற்றுவதுதான் இடுப்பு மூட்டுக்கு ஆகாது. ஆனால் துணி விஷயத்தில், குறிப்பாக முதல் சில வாரங்களுக்கு, ஆச்சி பக்கம் நியாயம் இருக்கு.

முதல் வாரம்: ஈரத் துணியை எண்ணுங்க

தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறதா என்று வீட்டில் தெரிந்துகொள்ள எளிய வழி, குழந்தை எத்தனை தடவை சிறுநீர் கழிக்கிறது என்று எண்ணுவதுதான். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடிக்கொண்டே போய், 5 அல்லது 6-ம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 தடவை நனைய வேண்டும். துணி என்றால் நனைந்தது உடனே தெரியும். டயப்பர் ஈரத்தை உள்ளே இழுத்துவிடும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். குழந்தை போனதா இல்லையா என்றே தெரியாமல் ஒரு பகல் ஓடிவிடும். டயப்பர்தான் வசதி என்றால், ஒரு புது டயப்பரில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்க. நனைந்த டயப்பரின் கனம் பிடிபட்டுவிடும்.

மலத்தின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் தார் மாதிரி கறுப்பு, பிறகு பச்சை கலந்து, 5-ம் நாள் வாக்கில் கடுகு மஞ்சள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒவ்வொரு முறை பால் குடித்ததும் மலம் போனால் அது வயிற்றுப்போக்கு இல்லை. முதல் ஓரிரு நாளில் டயப்பரில் செங்கல்பொடி நிறத்தில் கறை தெரிந்தால் பதறவேண்டாம். 5-ம் நாளுக்கு மேலும் அப்படியே இருந்தாலோ, சிறுநீர் எண்ணிக்கை குறைந்தாலோ, குழந்தை பாலுக்கு எழாமல் சோர்ந்து தூங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போகணும். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து இருந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீங்க. கல்லீரலின் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் சிகிச்சையே இருக்கிறது. 104-க்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம். அவசரம் என்றால் 108.

வெயிலுக்கு நாக்கு வறண்டுடும் என்று தண்ணீர் புகட்டுவதும் நம்ம ஊரில் வழக்கம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், அக்னி நட்சத்திரத்திலும்.

'12 மணி நேரம்' என்றால் என்ன?

டயப்பருக்குள் இருக்கும் பொடியின் பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். ஈரம் பட்டதும் ஜெல்லி மாதிரி உப்பிவிடும். சுத்தமான தண்ணீரை அதன் எடையைப் போல் சில நூறு மடங்கு குடிக்கும். உப்பு கலந்த நீர் என்றால் அந்தச் சக்தி பல மடங்கு குறைந்துவிடும். சிறுநீரில் உப்பு உண்டு. அதனால் விளம்பரத்தில் நீலத் தண்ணியை ஊற்றிக் காட்டுவதை வைத்துக் கணக்குப் போடாதீங்க. பாக்கெட்டில் 12 மணி நேரம் என்று போட்டிருப்பது வெளியே கசியாது என்பதற்குத்தான். உள்ளே தோல் நன்றாக இருக்கும் என்பதற்கு அல்ல.

சிறுநீரும் மலமும் கலக்கும்போது மலத்தில் உள்ள நொதிகள் தோலை அரிக்க ஆரம்பிக்கும். கடலோரக் காற்றில் எப்போதும் ஈரப்பதம் இருப்பதால் நமக்கே வேர்வை காய்வதில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் குழந்தைக்கு எப்படி இருக்கும்? பகலில் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்தணும். மலம் போனால் உடனே. இரவில் சிறுநீர் மட்டும் என்றால் தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டாம். தினமும் சில தடவை எதுவும் கட்டாமல் பாயில் காற்றாடப் படுக்கப் போடுவது எந்தக் க்ரீமையும் விட நல்லது.

துடைக்க வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகத் துடைக்கணும். பின்னாலிருந்து முன்னே வந்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது. தொப்புள்கொடி விழும்வரை டயப்பரின் மேல் விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடுங்க. தொப்புளில் எண்ணெய், மஞ்சள், சாம்பல் எதுவும் வேண்டாம், காய்ந்து இருந்தால் போதும். பவுடரும் வேண்டாம்: தூள் நுரையீரலுக்குள் போகும், தொடை மடிப்பில் கட்டி தட்டும்.

புண் வந்துவிட்டால்

லேசான சிவப்பு என்றால் அடிக்கடி மாற்றி, ஈரத்தை ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்ஸைடு க்ரீமைத் தடிமனாகப் பூசினாலே இரண்டு மூன்று நாளில் அடங்கும். அடங்காமல் தொடை மடிப்புக்குள் அடர் சிவப்பாகப் பரவி, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் வந்தால் அது பூஞ்சைத் தொற்று. சீழ், கொப்புளம், காய்ச்சல் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் போய் "படைக்குப் போடுற க்ரீம் குடுங்க" என்று கேட்டால், ஸ்டீராய்டு கலந்த களிம்பு கைக்கு வந்துவிடலாம். ஒரே நாளில் சிவப்பு மறையும், அதனால் நம்பிக்கையும் வந்துவிடும். டயப்பருக்குள் மூடிக்கிடக்கும் மெல்லிய தோல் அந்த ஸ்டீராய்டை அதிகமாக உறிஞ்சும். தொடர்ந்து பூசினால் முகம் உப்புவது முதல் வளர்ச்சி தடைபடுவது வரை போகும். இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது.

உப்புத் தண்ணியும் அடைமழையும்

துணி கட்டுபவர்களுக்குக் கடலோரத்தில் ஒரு தனித் தொல்லை. போர் தண்ணி உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, சோப்பும் முழுசாகப் போகாது. காய்ந்த துணி அட்டை மாதிரி விறைத்துக் குழந்தையின் தோலை உரசும். கடைசி அலசலையாவது குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணியில் செய்யுங்க. வாசனை லிக்விட் தேவையில்லை. வெயிலில் காயவைத்தால் போதும்.

வெயில் இல்லாத ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாது. அப்போது டயப்பர் கைகொடுக்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். மழை எச்சரிக்கை வந்ததும் ஒரு வாரத்துக்கான டயப்பர், க்ரீம், சுத்தமான துணி ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் கட்டி உயரத்தில் வைத்துவிடுவது நல்லது. அளவை மாதத்தைப் பார்த்து வாங்காமல் எடையைப் பார்த்து வாங்குங்க.

பயன்படுத்திய டயப்பரைக் கழிவறையில் போட்டால் அடைக்கும், எரித்தால் நச்சுப் புகை. கடற்கரையில் எறிந்தால் போய்ச் சேரும் இடம் மன்னார் வளைகுடா. 21 தீவுகளைச் சுற்றிய இந்தக் கடல்பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. கடல்பசு மேயும் கடற்புல்லும் முத்துச்சிப்பியும் உள்ள இடம். டயப்பரின் பிளாஸ்டிக் அங்கே மக்காது. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி டயப்பர் சுகாதாரக் கழிவு. மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டித் தாளில் பொதிந்து தனியாகக் கொடுக்கணும். பொட்டலத்தின் மேல் பேனாவால் ஒரு அடையாளம் போட்டுவிட்டால், குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் அதைக் கையால் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்காது.