பனிக்கு அடியில் ஒரு பழைய கணக்கு

வடக்கே வேலைக்கு வந்த நம்மாட்களுக்கு ஒரு ஆசை உண்டு. பிள்ளைகளுக்குப் பனி காட்டணும். சண்டிகரில் இருந்தபோது நானும் குடும்பத்தோடு மணாலி போனேன். ரோட்டோரம் வெள்ளை வெளேரென்று ஒரு சரிவு. பையன் ஏறப் பார்த்தான். டீக்கடைக்காரர் ஓடி வந்து தடுத்தார். "புதுப்பனி பழசோடு ஒட்டலை ஸார்" என்றார் இந்தியில். நல்ல வெயில், காற்றுகூட இல்லை, இதிலென்ன ஆபத்து? ஊர் திரும்பித்தான் படித்தேன்.

1916 டிசம்பர் 13. முதல் உலகப்போர், ஆல்ப்ஸில் மார்மொலாடா மலை. ஆஸ்திரிய ராணுவ முகாம் மேல் பனி சரிந்து சுமார் 270 பேர் இறந்தார்கள். முகாமை மாற்றுங்கள் என்று அங்கிருந்த கேப்டன் முன்பே எழுதியிருந்தார். மேலிடம் கேட்கவில்லை.

பனிக்குள் என்ன இருக்கிறது என்று முறையாகத் தோண்டிப் பார்த்தவர்கள் சுவிஸ்காரர்கள். 1936-ல் டாவோஸ் ஊருக்கு மேலே, வைஸ்ஃப்ளூயோக்கில், பனியாலேயே ஒரு சின்ன ஆய்வுக்கூடம் கட்டினார்கள். ஹேஃபெலி, பாடர் போன்றவர்கள் அங்கே உழைத்து 1939-ல் புத்தகமே போட்டார்கள்.

விஷயம் இதுதாங்க. பனி ஒரே மூட்டை அல்ல, அடுக்கடுக்கான பேரேடு. சீசன் ஆரம்பத்தில் மெல்லிசாகப் பனி விழுந்து, பிறகு கடுங்குளிர் இரவுகள் வந்தால், கீழே தரை வெதுவெதுப்பு, மேலே உறைகுளிர். நடுவில் நீராவி ஏறி, அடிப்பனி சர்க்கரை மாதிரி உதிரியாகிவிடும். அதன் மேல் கனமான புதுப்பனி உட்காரும். 30 முதல் 45 டிகிரி சரிவில் ஒரு ஆள் கால் வைத்தாலே உதிரி அடுக்கு நொறுங்கி, மேலே உள்ளது பலகையாக வழுக்கிவிடும்.

சோதனை ரொம்ப எளிமை. குழி வெட்டி, ஒவ்வொரு அடுக்கிலும் முஷ்டி, நாலு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்று அழுத்துவார்கள். முஷ்டியே உள்ளே போனால் அந்த அடுக்கு மெத்து. பிறகு ஒரு தூணாக வெட்டி, மேலே மண்வெட்டி வைத்து மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டு. எத்தனையாவது தட்டில் உடைகிறது என்று கணக்கு. ஆனால் ஒரு குழி நன்றாக இருந்தால் முழுச்சரிவும் நல்லது என்று அர்த்தமில்லை. நம்ம சாம்பிள் ஆடிட் மாதிரிதான் :-)

நம் நாட்டில் இதற்கென்றே 1969-ல் மணாலியில் ஒரு ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். 2020-ல் அது டி.ஆர்.டி.ஓ.வின் இன்னொரு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டது.

பேங்க்கில் நான் கற்றதும் இதுவே. இந்த வருஷ லாபம் பளிச்சென்று தெரியும். ஆளைக் கவிழ்ப்பது அடியில் கிடக்கும் பழைய வாராக்கடன். பனி பார்க்கப் போகிறவர்கள் உள்ளூர்க்காரர் வேண்டாமென்றால் திரும்பிவிடுங்கள். அன்று என் பையன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். பரவாயில்லை, பத்திரமாக வீடு வந்து சேர்ந்தான்.