போன வாரத்தை மறக்காதவர்கள்

1990 அக்டோபர் முதல் வாரம். ஒரு விண்கலத்தின் கேப்டன், பிரான்ஸில் தன் அண்ணனின் திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் உட்கார்ந்து அழுதார். எதிரிக் கப்பல் இல்லை, லேசர் துப்பாக்கி இல்லை. வயதான அண்ணனும் தம்பியும் கட்டிப் புரண்டு அடித்துக்கொண்டார்கள், சிரித்தார்கள், அப்புறம் தம்பி உடைந்துபோனார். 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 'ஃபேமிலி' என்கிற எபிசோட் அது. எழுதியவர் ரொனால்ட் டி. மூர்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று இன்றைக்கு ஓடிடியில் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். இதற்கு முந்தைய இரண்டு பாகக் கதையில் 'போர்க்' என்னும் இயந்திர மனிதக் கூட்டம் கேப்டன் பிக்கார்டைப் பிடித்துப்போய்ப் பாதி இயந்திரமாக்கிவிட்டது. அவர் மூளையில் இருந்ததை வைத்தே அவர் தரப்பின் 39 கப்பல்களை அழித்தது. வழக்கப்படி என்றால், மீட்கப்பட்ட கேப்டன் அடுத்த வாரம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த கிரகத்துக்குக் கிளம்பியிருக்க வேண்டும். மூர் அவரைக் கிளம்பவிடவில்லை.

அந்த வழக்கம் எவ்வளவு கொடூரமானது என்பதற்குப் பழைய 'ஸ்டார் ட்ரெக்'கையே பாருங்கள். 1967 ஏப்ரல் 6 அன்று கேப்டன் கிர்க், தான் காதலித்த ஈடித் கீலரை வண்டியில் அடிபட்டுச் சாகவிட்டார். வரலாறு பிசகாமல் இருக்க வேறு வழியில்லை. சரியாக ஒரு வாரம் கழித்து, அடுத்த எபிசோடில், அவருடைய சொந்த அண்ணன் செத்துப்போகிறார். அந்த எபிசோட் முடியும்போது கப்பலில் ஜோக்கடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏழு நாளில் இரண்டு சாவு, ஒரு சுவடும் இல்லை.

எழுதியவர்களுக்கு மனசில்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஒரு தொடருக்கு மறுஒளிபரப்பில்தான் நல்ல காசு. உள்ளூர் நிலையங்கள் எபிசோடுகளை மொத்தமாக வாங்கி, வரிசை பார்க்காமலும் போடும். எதை எப்போது பார்த்தாலும் புரிய வேண்டும். அதனால் கதாபாத்திரங்களுக்குப் போன வாரம் என்ற ஒன்றே இருக்கக் கூடாது. நினைவு இல்லாதவன் எப்படி மாறுவான்?

இந்த வழக்கத்தை முழுசாக உடைத்த அறிவியல் தொடர் என்றால் நான் 'பாபிலோன் 5'-ஐத்தான் சொல்வேன். ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஐந்து வருடக் கதையை ஒரு நாவலைப்போல முன்கூட்டியே திட்டமிட்டார். மொத்தம் 110 எபிசோடுகளில் 92-ஐ அவரே எழுதினார். (பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.)

1994-இல் முதல் எபிசோடில் லோண்டோ என்றொரு தூதர் வருகிறார். விசிறி மாதிரித் தலைமுடி, குடி, சூதாட்டம், பழம்பெருமை. ஆள் கிட்டத்தட்டக் கோமாளி. எதிரி நாட்டுத் தூதர் ஜி'கார்தான் பார்த்தால் வில்லன். தான் கிழவனாகிச் சாகும்போது ஜி'காரின் கைகள் தன் கழுத்திலும் தன் கைகள் அவன் கழுத்திலும் இருக்கும் என்று கனவு கண்டதாக லோண்டோ சொல்கிறார். தீராத பகை என்று நாமும் நம்பிவிடுகிறோம். அடுத்த வருடம் அந்தக் கோமாளியின் ஏற்பாட்டில் ஜி'காரின் கிரகம் விண்கற்களால் நொறுக்கப்படுகிறது. லோண்டோ கப்பலின் ஜன்னலில் நின்று பார்க்கிறார். வசனமே இல்லை. முகம் மட்டும். தான் யாராக ஆகிவிட்டோம் என்று அந்த முகத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

1996-இல் கனவுக் காட்சி உண்மையிலேயே வருகிறது. லோண்டோ இப்போது பேரரசர். ஆனால் தோளில் ஒட்டிய ஓர் உயிரி அவரை ஆட்டிவைக்கிறது. குடித்து அதைத் தூங்க வைத்துவிட்டு, தான் தப்பிக்கவிட்டவர்களை அது காட்டிக்கொடுப்பதற்குள் தன்னைக் கொன்றுவிடும்படி ஜி'காரிடம் கேட்கிறார். கழுத்தை நெரிப்பது பகை இல்லை, நண்பனுக்குச் செய்கிற கடைசி உதவி. நடுவில் உயிரி விழித்துக்கொள்ள, லோண்டோவின் கைகள் அவரை மீறி எழுகின்றன. காட்சி மாறவில்லை. ஆட்கள் மாறிவிட்டார்கள்.

சரி, இதெல்லாம் தமிழ் வாசகனுக்குப் புதுசா? வாரப் பத்திரிகைத் தொடர்கதை இதைத்தானே செய்துகொண்டிருந்தது? 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் வந்தது. போன வாரத்தை மறந்த எழுத்தாளரை வாசகர்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். அந்த மரபில்தான் எண்பதுகளில் சுஜாதா ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். ஜீவாவின் சர்வாதிகார ஆட்சி, எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், பிள்ளை பெறக்கூட அரசாங்க அனுமதி. அதில் ரவி கொண்டுவருகிற இயந்திர நாய் ஜீனோ. முதலில் ஒரு பொம்மை. அப்புறம் புத்தகம் படிக்கிறது, எதிர்க்கேள்வி கேட்கிறது, எஜமானனை விட்டு நிலாவின் பக்கம் சாய்கிறது. இதே பத்தாண்டில்தான் 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னின் இயந்திர மனிதன் டேட்டாவும் திரைக்கு வந்தான். நிலாவும் மாறுகிறாள்தான்; ஆனால் அவளை முக்கால்வாசி மற்றவர்கள் மாற்றுகிறார்கள். ஜீனோ தானாக மாறுகிறது. எனக்கு ஜீனோதான் உசத்தி.

தூர்தர்ஷன் இந்தக் கதையைத் தொடராகவும் எடுத்தது. ஆனாலும் இன்றைக்கும் கைமாறிக்கொண்டிருப்பது புத்தகம்தான். ஜீனோ வளர்வது அதன் பேச்சில். கேமராவுக்குக் கிடைப்பது ஒரு நாய். அறிவியலை விட்டுவிட்டால், அந்தக் காலத் தூர்தர்ஷனில் ஒரு மனிதன் வாரா வாரம் சரிவதைக் காட்டிய தொடர் உண்டு: சிவசங்கரி கதையில் ரகுவரன் குடிகாரனாக நடித்த 'ஒரு மனிதனின் கதை'. தயாரித்தது, காரைக்குடியில் ஸ்டூடியோ போட்டுச் சென்னைக்குப் போன ஏவி.எம். பிறகு தினசரி மெகா சீரியல்கள் வந்தன. அமெரிக்காவில் நடந்ததற்கு நேர் எதிர்: இங்கே எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, மாறத்தான் அனுமதி இல்லை. மாறினால் கதை முடிந்துவிடுமே.

மானகிரியில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர், ஏழு மணி சீரியல் ஓடும்போது, "இவ எப்பத்தான் திருந்துவா?" என்று தினமும் திட்டுவார். விளம்பர இடைவேளையில் ஒருநாள் லோண்டோ கதையைச் சொன்னேன். சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தக் கெழவன் கேட்டுக்கிட்டதும் சரி, இவன் செஞ்சதும் சரி. ஆனா ஊரையே அழிச்சவனை இவன் எப்ப மன்னிச்சான்? அதை விட்டுப்புட்டியே தம்பி."

அதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரமானது. சீரியல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.