கலுங்குங் மலையின் இரு வரலாறுகள்

மணிமேகலை பேசும் சாவக நாட்டை இன்றைய சாவாத் தீவாகக் கொள்வோர் பலர். அத்தீவின் மேற்குப் பகுதியில், தாசிக்மலாயா நகரை அடுத்து, கலுங்குங் என்னும் எரிமலை நிற்கிறது. அதன் அடிவாரத்தில் வாழ்வோர் சுந்தா மொழி பேசும் உழவர். நெல் விளைவிப்பவர், குளங்களில் மீன் வளர்ப்பவர். பழஞ்சுந்தா மொழியில் ஓலையில் எழுதப்பெற்று, இன்று 'அமானத் கலுங்குங்' என்ற பெயரால் வழங்கும் அறநூல் ஒன்று உண்டு. கலுங்குங்கின் திருவிடத்தை அயலார் கைப்பற்ற விடலாகாது என்று அது அறிவுறுத்துகிறது. காக்கத் தவறும் அரச மரபினரைக் குப்பைமேட்டில் கிடக்கும் விலங்குத் தோலினும் கீழாக மதிக்கிறது. ஆக, உலகம் இந்த மலையின் பெயரை அறிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதற்கோர் இலக்கியம் இருந்தது.

உலகம் அதன் பெயரை அறிந்தது 1982ஆம் ஆண்டில். அறிந்ததும் வேறொரு காரணத்தால்.

அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் மலை வெடித்தது. ஒருமுறை வெடித்து ஓய்ந்ததன்று. மறு ஆண்டு சனவரி வரை, ஒன்பது திங்கள், விட்டுவிட்டுச் சீறிக்கொண்டே இருந்தது. பகலிலேயே விளக்கேற்ற வேண்டிய நாட்கள் வந்தன. வயல்கள் சாம்பலுக்கடியில் புதைந்தன, மீன்குளங்கள் தூர்ந்தன, மழையில் நனைந்து கனம் ஏறிய சாம்பலைத் தாங்காமல் கூரைகள் இறங்கின. ஏறத்தாழ 80,000 பேர் வீடு விட்டுப் பெயர்ந்தனர். இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் வாழத் தகாதவை ஆயின. சாம்பலில் எத்தனை பேர் உழைத்தார்கள், எத்தனை குடும்பங்கள் திரும்பி வந்து எதைக் கண்டன என்பதையெல்லாம் விரித்துச் சொல்லும் நூல் உலக மொழிகளின் அலமாரிகளில் எளிதாகக் கிடைப்பதில்லை.

மலை வெடிக்கத் தொடங்கி எண்பது நாட்களுக்குப் பின், சூன் 24ஆம் நாள் இரவு, பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஒன்று கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகருக்குப் பறந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தோர் 263 பேர். 37,000 அடி உயரம், தெளிந்த வானம், வானிலை ரேடாரில் எதுவும் இல்லை. முதலில் முன்கண்ணாடியில் மின்பொறிகள் போல ஓர் ஒளி படர்ந்தது. பின்னர் எஞ்சின்களுக்குள் விளக்கேற்றி வைத்தாற்போன்ற வெளிச்சம். பயணிகள் அமர்ந்திருந்த பகுதியில் கந்தக நெடியுடன் புகை. சில நிமிடங்களில் நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

விமானத் தலைவர் எரிக் மூடி அச்செய்தியைப் பயணிகளுக்கு அறிவித்த முறை பின்னாளில் புகழ்பெற்றது. நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டதை ஒரு சிறு இடர் என்ற அளவிலேயே அவர் கூறினார். ஆங்கிலேயர் அடக்கத்துக்கு எடுத்துக்காட்டாக அது இன்றும் சொல்லப்படுகிறது. பேரச்சத்தைச் சிறுசொல்லால் மூடுவது நம் ஊர் மருத்துவச்சிகளும் அறிந்த கலைதான். விமானமோ, எடை மிக்க ஒரு மரக்கலம் போல, இருளில் ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது. 13,500 அடி அளவில் நான்காம் எஞ்சின் உயிர்பெற்றது; பிறகு மற்றவையும். முன்கண்ணாடி உப்புத்தாளால் தேய்த்தது போல் மங்கிப்போயிருந்ததால் ஓடுதளம் சரிவரத் தெரியவில்லை. ஆயினும் ஜகார்த்தாவில் விமானம் தரையிறங்கியது. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அன்றிரவு அவர்களை வீழ்த்தவிருந்தது எது என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது. கலுங்குங்கின் பெயர் ஆய்வில்தான் வெளிவந்தது.

'எரிமலைச் சாம்பல்' என்ற சொல்லே நம்மை ஏமாற்றக் கூடியது. சாம்பல், நீறு என்பன எரிந்து அடங்கியதைக் குறிக்கும் சொற்கள். இனி எரியாதது, ஆகவே தீங்கற்றது என்ற குறிப்பு அவற்றுள் உண்டு. எரிமலை உமிழ்வது அதுவன்று. அது நொறுங்கிய பாறை. நுண்ணிய கண்ணாடித் தூள். எஞ்சினுள் நிலவும் வெப்பம் அதை மீண்டும் உருக்குகிறது. உருகியது சுழலிதழ்களில் ஒட்டிக் காற்றின் வழியை அடைக்கிறது. எஞ்சின் நின்று குளிர்ந்தபோது அப்பூச்சு இறுகி உதிர்ந்தது. அதனால்தான் 263 பேர் பிழைத்தனர். ரேடார் காட்டாததற்கும் காரணம் எளிது. வானிலை ரேடார் தேடுவது நீர்த்துளியை, இத்தூளோ உலர்ந்தது.

பிழைத்தவர்கள் ஒரு வட்டம் அமைத்துக்கொண்டனர். அதற்கு 'கலுங்குங் கிளைடிங் கிளப்' என்று பெயர். பயணிகளுள் ஒருவரான பெட்டி டூட்டெல் உடன் வந்தோரைத் தேடித் தேடிக் கண்டு, அவர்கள் நினைவுகளைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். நன்று, அவ்வாறு எழுதத்தான் வேண்டும். ஒரே இரவின் சில நிமிடங்களுக்கு அத்துணை பேரின் சொற்கள் கிடைத்தன. ஆனால் இதனருகே மற்றொரு கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டின் சீற்றத்தால் மலையடிவாரத்தில் இறந்தோர் எத்தனை பேர்? சில ஏடுகள் 18 என்கின்றன. சில 68 என்கின்றன. வானில் இருந்தோர் தொகை ஒன்று குறையாமல் நிற்க, மண்ணில் மாண்டோர் தொகை ஐம்பது தலை முன்பின்னாக ஊசலாடுகிறது. 1822இல் இதே மலை வெடித்தபோது, அயலாராகிய ஒல்லாந்தர் ஆட்சியில், இறந்தோர் 4,011 என்றும் அழிந்த ஊர்கள் 114 என்றும் ஒற்றைப்படை எண் வரை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வானத்து நிகழ்ச்சி வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு சூலையில் சிங்கப்பூர் விமானம் ஒன்றும் கலுங்குங்கின் சாம்பலில் சிக்கி எஞ்சின்களை இழந்து மீண்டது. 1989 திசம்பரில் அலாஸ்காவின் ரிடவுட் எரிமலை டச்சு விமானம் ஒன்றின் நான்கு எஞ்சின்களையும் நிறுத்தியது, அதுவும் தப்பியது. இவற்றின் பயனாக உலகின் வானத்தை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. டார்வின், டோக்கியோ, துலூசு, லண்டன் முதலியன அவை இருக்குமிடங்கள்.

அந்த எச்சரிக்கையின் முழு வலிமையும் 2010 ஏப்ரலில் வெளிப்பட்டது. ஐஸ்லாந்தில் எய்யாஃபியத்லயோக்குத் என்னும் பனிமூடிய எரிமலை வெடித்தது. அப்பெயரைச் சொல்ல முடியாமல் உலகச் செய்தி வாசிப்பாளர் தடுமாறியதே பல நாள் வேடிக்கையாயிற்று. பனியின் நீர் பட்டு நொறுங்கிய சாம்பல் மிக நுண்ணியதாகி ஐரோப்பாவின் மேல் பரவ, ஆறு நாட்கள் வானம் மூடப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் விமானப் பயணங்கள் நின்றன. ஒரு கோடிப் பேர் அளவில் ஆங்காங்கே தங்கினர். விபத்தில் இறந்த போலந்துக் குடியரசுத் தலைவரின் இறுதிச் சடங்குக்கு அயல்நாட்டுத் தலைவர் பலர் வர இயலவில்லை. விமான நிலையத் தரையில் உறங்கியோரின் படங்கள் நாளிதழ்களை நிறைத்தன. ஓர் உயிரும் போகவில்லை. அது எச்சரிக்கையின் வெற்றி. அதே வாரத்தில் கென்யாவின் நைவாசா ஏரிக்கரைத் தோட்டங்களில், ஐரோப்பியச் சந்தைக்கென்று கொய்த ரோசா மலர்கள் ஏற்றிச் செல்ல விமானமின்றிக் குவியல் குவியலாகக் கொட்டப்பட்டன. பூப்பறித்துக் கூலி பெறும் பெண்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஒரு துகள் சாம்பலும் அவர்கள் தலையில் விழவில்லை.

விமானம் இல்லாத காலத்தில் எரிமலையின் வரலாற்றை யார் எழுதினார்? அதே ஐஸ்லாந்தில் 1783 சூன் 8ஆம் நாள் லாக்கி என்னுமிடத்தில் நிலம் நீளவாக்கில் பிளந்து, எட்டுத் திங்கள் நெருப்பாறு ஓடியது. நச்சுக்காற்றும் நஞ்சேறிய புல்லும் கால்நடைகளைக் கொன்றன: ஆடுகளில் நூற்றுக்கு எண்பது, மாடுகளில் பாதி. தொடர்ந்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் மாண்டார். யோன் ஸ்டைன்கிரிம்சன் என்னும் ஊர்ப் பாதிரியார் அந்நெருப்பின் அருகிலேயே இருந்தவர்; தம் மக்களைப் புதைத்தவர். அவர் கண்டதைக் கண்டவாறு எழுதி வைத்தார். எந்தப் பண்ணை எப்போது அழிந்தது, நெருப்பு எந்தப் பக்கம் திரும்பியது, கால்நடைகளின் உடல் எவ்வாறு சிதைந்தது என்பனவெல்லாம் அதில் உண்டு. இன்று எரிமலை அறிஞர் அவர் குறிப்பைத் தம் அளவைக் கருவிகளோடு வைத்து ஒப்பிடுகின்றனர். எழுதியவர் நெருப்பின் பக்கத்தில் நின்றார் என்பதே அவ்வேட்டின் பெறுமதி.

கலுங்குங்கின் அடிவாரத்திற்கு அத்தகைய ஏடு ஒன்று உலகறிய வாய்க்கவில்லை. வெடிப்பு ஓய்ந்த பின்னர் அங்கே வளர்ந்தது மணல் தொழில். மலை கொட்டிய மணலை அள்ளி லாரி லாரியாக நகரங்களுக்குக் கட்டடம் கட்ட ஏற்றி அனுப்பினர். வயல் இழந்தோருக்கு வயலை மூடிய மணலே கூலி தந்தது.

2025 நவம்பர் 23ஆம் நாள் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில், வரலாற்றுக் காலத்தில் வெடித்ததாக எக்குறிப்பும் இல்லாத ஹெய்லி குப்பி என்னும் எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் செங்கடலைக் கடந்து, ஏமன், ஓமான் வானங்களைக் கடந்து, மறுநாள் இரவு தில்லியின் மேல் வந்தது. துலூசு மையம் எச்சரித்தது; இந்திய விமான நிறுவனங்கள் சில பயணங்களை நிறுத்தின, சிலவற்றைத் திருப்பின. எத்தனை விமானங்கள், எந்தெந்த ஊர்களுக்கு என்ற பட்டியல் உடனே வெளிவந்தது. ஓரிரு நாளில் சாம்பல் கிழக்கே நகர, விமானங்கள் பறக்கத் தொடங்கின. அஃபாரின் ஆயர் ஊர்களில் புல்லை மூடிய சாம்பல் அப்படியே கிடந்தது. அவர்களுடைய ஆடுமாடுகளுக்கு மேய ஏதுமில்லை என்ற செய்தி, இறந்தோர் எவருமில்லை என்ற வரிக்குக் கீழே, ஒற்றை வாக்கியமாக வந்திருந்தது.