எழுதிய கை எவருடையது?

கொல்லிமலையின் குண்டூர் நாட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து காரவள்ளிக்கு இறங்குவோர், சமவெளியில் சேந்தமங்கலத்தை அடைகின்றனர். 1623ஆம் ஆண்டில் அவ்வூரை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர், மதுரையிலிருந்து திருச்சி வழியாக வந்த ஒரு துறவியை அன்புடன் வரவேற்றார். பிறப்பால் இத்தாலியராயினும் தமிழ்த் துறவிக்குரிய கோலமும் 'தத்துவ போதகர்' என்னும் பெயரும் பூண்ட இராபர்ட் தெ நொபிலி அடிகளாரே அவர்.

நம் மலையின் அடிவாரத்தில் கால் பதித்த இப்பெரியார் 1656இல் மயிலாப்பூரில் காலமானார். ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின், வேதம் என்று பெயரிட்டு ஒரு போலி நூலை இயற்றியவர் என்னும் பழி அவர்மேல் விழுந்தது. இறந்தவர் எழுந்து வந்து மறுப்புரைக்க இயலாது. அவருக்காகப் பேச வேண்டியவை ஏடுகளே. அந்த ஏடுகள் எவ்வாறு பேசின என்பதை நாம் அறிந்துகொள்வது நலம்.

பழிக்குக் காரணமான நூல் 'எசூர் வேதம்'. வியாசர், சுமந்து என்னும் இரு முனிவரின் உரையாடலாக அமைந்தது அது. சிலை வழிபாட்டை மறுத்து, ஒரே கடவுளை வணங்குமாறு சுமந்து அறிவுறுத்துகிறார். இந்தியாவிலிருந்து திரும்பிய மோதாவ் என்னும் பிரெஞ்சு அதிகாரியிடமிருந்து 1760இல் இதன் பிரெஞ்சுப் பிரதியைப் பெற்ற வோல்த்தேர், இது மிகத் தொன்மையான நூல் என நம்பினார். மறு ஆண்டே அதனைப் பாரிஸ் அரச நூலகத்தில் சேர்ப்பித்தார். விவிலியத்திற்கும் முற்பட்ட தூய சமயம் இந்தியாவில் இருந்தது என்று வாதிட இந்நூலையே அவர் துணைக்கொண்டார். திருச்சபைக்காக எழுதப்பட்ட நூல் ஒன்று திருச்சபையையே தாக்கும் படைக்கலமான விந்தையை என்னென்பது! 1778இல் இந்நூல் சுவிட்சர்லாந்தின் இவெர்தோன் நகரில் அச்சேறியது. நான்கே ஆண்டுகளில், இந்தியாவில் பயணம் செய்திருந்த சொன்னரா என்பவர், இது வேதமன்று, மசூலிப்பட்டினத்தில் ஒரு மறைபோதகர் எழுதிய வாத நூல் என்று வெளிப்படுத்தினார்.

அந்த மறைபோதகர் யார்? விடைக்கான முதல் தடயம் புதுச்சேரியில் கிடைத்தது. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் அச்சபையாரின் ஏடுகள் சில அங்கே எஞ்சியிருந்தன. 1816இல் இலங்கைத் தலைமை நீதிபதி சர் அலெக்சாந்தர் ஜான்ஸ்டனும், சென்னையில் ஆட்சியராக விளங்கிய தமிழறிஞர் எல்லிசும் அவற்றைக் காண வழி பிறந்தது. எசூர் வேதமும் அதனையொத்த வேறு நூல்களும் அங்கே இருந்தன. சமஸ்கிருதம் உரோமன் எழுத்தில் ஒரு பக்கமும், பிரெஞ்சு மொழி மறுபக்கமுமாக அவை அமைந்திருந்தன. எல்லிசின் ஆய்வுரை, அவர் மறைந்தபின் 1822இல் வெளியாயிற்று.

இந்நூல்களை எழுதியவர் தத்துவ போதகரே என்று புதுச்சேரிக் கிறிஸ்தவர்களிடையே ஒரு செவிவழிச் செய்தி நிலவிற்று. எல்லிஸ் அதனை முற்றிலும் தள்ளிவிடவில்லை. பழி பரவியதற்கு இதுவே வாய்க்காலாயிற்று. ஆனால், அப்பழியை அறுக்கும் கருவியையும் அதே ஆய்வுரையில் அவர் நமக்கு விட்டுச் சென்றார். ஏட்டிலிருந்த சமஸ்கிருதச் சொற்களின் எழுத்துக்கூட்டல் தென்னாட்டு ஒலிப்பைக் காட்டவில்லை. வகரம் பகரமாகவும், அகரம் ஒகரமாகவும் ஒலிக்கும் வங்க நாட்டு முறையையே காட்டிற்று. வேதம் என்னும் சொல் அங்கே 'பேதோ' என்றாயிற்று. மதுரையிலே தெலுங்கு அந்தணர் ஒருவரிடம் சமஸ்கிருதம் பயின்ற நொபிலியின் செவிக்கு இவ்வொலி அயலானது. நூலின் மற்றொரு மொழியோ பிரெஞ்சு. நொபிலி எழுதியவை தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு, இலத்தீன், போர்த்துகீசியம், இத்தாலியம் ஆகிய மொழிகளில் அமைந்தவை. பிரெஞ்சு இயேசு சபையார் புதுச்சேரியில் நிலைகொண்டதே அவர் இறந்து ஒரு தலைமுறைக்குப் பின்னர்தான். அவர்களுக்கு வங்காளத்தின் சந்தர்நகரிலும் பணித்தளம் இருந்தது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

கையெழுத்தை ஆய்வோர் எழுத்தின் வடிவம், சாய்வு, எழுதுகோலை எடுத்து வைக்கும் இடம், மை, தாளின் நீர்க்குறி ஆகியவற்றை ஒப்பிடுகின்றனர். இவையனைத்தும் எழுதுகோலைப் பிடித்த கையையே காட்டும். கருத்தைப் பெற்ற உள்ளத்தைக் காட்டா. ஆசிரியர் சொல்ல மற்றொருவர் எழுதலாம். ஒரு பிரதியைப் பார்த்து மூன்றாமவர் படியெடுக்கலாம். ஓலைச்சுவடி மரபில் வந்த நமக்கு இது புதிதன்று. சுவடியின் இறுதியில் காணப்படும் பெயர் பல வேளைகளில் ஏடு எழுதியவருடையதே, நூலாசிரியருடையதன்று. நொபிலி அடிகளாரும் முதுமையில் பார்வை மங்கியவராகவே வாழ்ந்தார். அவர்தம் தமிழ் நூல்கள் படியெடுத்தோர் பலரின் கைகளைக் கடந்தே 1960களில் இயேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்புகளாக நம்மை வந்தடைந்தன.

அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் இதனை விளக்கும். அமெரிக்காவில் 1830இல் வெளியான மோர்மன் நூலை யோசேப்பு ஸ்மித் வாய்மொழியாகச் சொல்ல, ஆலிவர் கவுடரி முதலிய எழுத்தர்கள் எழுதினர். எழுதியவர் இன்னாரென அறியப்படாத சில பக்கங்கள், அதற்கு முன்பே இறந்துபோன சாலமன் ஸ்பால்டிங் என்பவரின் கையெழுத்தே என்று 1977இல் ஒரு கூற்று எழுந்தது. மூன்று வல்லுநர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஒருவர் ஆம் என்றார். ஒருவர் அன்று என்றார். மற்றொருவர் ஆய்விலிருந்தே விலகிக்கொண்டார். ஒரே எழுத்தைக் கண்ட கண்கள் மூன்று வழியில் சென்றன. ஆதலின் எழுத்தின் வடிவத்தை மட்டும் சான்றாகக் கொண்டு ஒருவரைப் போற்றுவதும் தூற்றுவதும் தகாது. மொழி, காலம், இடம் ஆகிய மூன்றும் அதனோடு இசைய வேண்டும்.

நொபிலியின் வழக்கில் இம்மூன்றும் அவர் பக்கமே நின்றன. 1935இல் இயேசு சபையைச் சேர்ந்த காஸ்தே அடிகளார் புதுச்சேரி ஏடுகளைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். 1984இல் லூதோ ரோஷர் என்னும் பேராசிரியர் எல்லாச் சான்றுகளையும் மீண்டும் ஆராய்ந்து, எசூர் வேதம் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மறைபோதகர்களிடையே பிறந்த நூல் என்று நிறுவினார். கால்மெத், மோசாக், மார்த்தேன் எனப் பல பெயர்கள் ஆய்வுலகில் பேசப்பட்டிருப்பினும், அவற்றுள் ஒன்றையே அறுதியிட்டு உரைக்க ரோஷர் முற்படவில்லை. நொபிலிமேல் இருந்த பழியை நீக்கும் ஆர்வத்தில் மற்றொருவர் தலையில் அதனைச் சுமத்தாத அந்த அடக்கம் நம் வணக்கத்திற்கு உரியது.

நம் பங்குகளிலும் பழைய திருமுழுக்குப் பதிவேடுகள் உள்ளன. குருவானவர் கையொப்பமிட்ட பக்கத்தை உபதேசியார் எழுதியிருக்கலாம். கறையான் அரித்த ஏட்டைப் பின்வந்தவர் படியெடுத்திருக்கலாம். அவற்றைக் கையில் எடுக்கும்போது நாம் மூன்று வினாக்களைத் தனித்தனியே கேட்போமாக: சொன்னவர் யார்? எழுதியவர் யார்? படியெடுத்தவர் யார்? பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதிருப்பாயாக என்னும் கட்டளைக்கு, வாழ்வோரைப் போலவே மாண்டோரும் உரியவர் அல்லரோ?