சயாம் அரசவையில் திருப்பாவை: எஞ்சிய பெயரும் இழந்த பொருளும்

இன்று தாய்லாந்து எனப்படும் சயாம் தேசத்து அரச விழாக்களுள் 'திரியம்பாவாய்', 'திரிபாவாய்' என்னும் இரட்டை விழா குறிப்பிடத்தக்கது. இப்பெயர்கள் திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றின் திரிபுகள் என்பது அறிஞர் துணிபு. ஆண்டாள் அருளிச்செய்த பிரபந்தத்தின் பெயர் அயல்நாட்டு அரசவையில் எவ்வாறு நிலைபெற்றது, அதனோடு பொருளும் சென்றதா என்பன ஆராயத்தக்கவை.

தமிழ் அங்குச் சென்றது வணிகர் வழியே. சயாமின் மேலைக் கடற்கரையில் தகுவாபா என்னுமிடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தார் காவலில் வைத்ததைக் கூறுகிறது. 'அவனிநாரணன்' மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் விருதுப்பெயர். அக்கல்வெட்டோடு தொடர்புடையதாகத் திருமாலின் திருவுருவமும் அப்பகுதியில் கிடைத்துள்ளது.

பிற்காலத்தில் முதலாம் இராமர் என்னும் மன்னர் 1784இல் பாங்காக்கில் தேவஸ்தானத்தையும் அதன்முன் பேரூஞ்சலையும் அமைத்தார். சிவன், விநாயகர், நாராயணன் ஆகிய மூவர்க்கும் அங்குத் தனித்தனிச் சந்நிதிகள் உண்டு. நம் மார்கழி, தை மாதங்களை ஒட்டிய வளர்பிறை ஏழாம் நாள்முதல் சிவபெருமான் பத்து நாள்களும், தேய்பிறையில் நாராயணன் ஐந்து நாள்களும் மண்ணுலகில் எழுந்தருள்வதாக அரசவை அந்தணர் கொள்வர். முன்னது திரியம்பாவாய், பின்னது திரிபாவாய். பெயர் திரிந்தும், எப்பெயர் எத்தெய்வத்திற்குரியது என்னும் வரையறை அங்கு மாறவில்லை. ஊஞ்சலில் ஆடுவோர் உயரத்தில் தொங்கும் பணமுடிப்பைப் பல்லால் கவ்வும் வழக்கம் 1935இல் நின்றது. 2007இல் புதிய தேக்கு மரங்களால் புதுப்பிக்கப்பெற்ற செந்நிறத் தூண்களை இன்று யாத்திரிகர் காண்கின்றனர். தேவஸ்தானத்து வழிபாடோ இடையறாது நடைபெறுகிறது.

அவ்வந்தணர் ஓதுவனவற்றில் தமிழ்ப் பாடல்கள் உண்டெனத் தனிநாயகம் அடிகள் எடுத்துரைத்தார். ஜே. ஆர். மார் ஆராய்ந்த பாங்காக் கிரந்தச் சுவடிகளில் தேவார, திருவாசகப் பகுதிகள் சிதைந்த வடிவில் காணப்பெற்றன. தலைமுறை தலைமுறையாக ஓதுவோர்க்கு அவற்றின் பொருள் விளங்கவில்லை, ஒலி மந்திரமாயிற்று.

இந்நிலைக்கு மொழி வேற்றுமை மட்டும் காரணமாகாது. திண்டுக்கல் நாகல் நகரில் வாழும் சௌராஷ்டிர மக்களுக்கும் வீட்டுமொழி தமிழன்று. ஆயினும் மார்கழியில் அவர்கள் திருப்பாவையைப் பொருளறிந்தே அநுசந்திக்கின்றனர். அவர்களைச் சூழ்ந்து தமிழ் வழங்குகிறது. உபந்யாசம் கேட்கும் வாய்ப்பும் உண்டு. அவ்வுபந்யாசங்களுக்குப் பின்னே பெரியவாச்சான் பிள்ளையின் மூவாயிரப்படியும், அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆறாயிரப்படியும் நிற்கின்றன. சயாமிலோ சுற்றிலும் தமிழ் இல்லை. மூலத்தை விளக்கும் ஆசாரிய பரம்பரையும் அங்கு வேரூன்றவில்லை.

ஆகவே வியாக்கியானம் மூலத்திற்குப் பின்வந்த அணிகலன் என்று எண்ணுதல் பொருந்தாது. அது மூலத்தின் உயிரைக் காப்பது. அதேசமயம், பொருள் மறைந்தபின்னும் ஓதலைக் கைவிடாத சயாம் அந்தணரின் பத்தியையும் குறைவாக மதிப்பிடலாகாது. அவர்கள் காத்திராவிடில் நாம் ஆராய எதுவும் எஞ்சியிராது. அச்சுவடிகளின் பாடத்தை நம் ஓதுமரபோடு வரிவரியாக ஒப்பிடுதல் திவ்யப்பிரபந்தம் கற்றோர் மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.