துவக்குகளும் தாளிப்பனை ஓலையும்

1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை பின்னேரம். மன்னார்க் கரையில், அருவியாறு கடலில் விழும் இடத்துக்கு அண்மையிலிருந்த அரிப்புக் கோட்டைக்கு இரண்டு ஆங்கிலேயர் கால்நடையாக வந்து சேர்ந்தார்கள். கோட்டை அப்போது ஒல்லாந்தர் கையில் இருந்தது. வந்தவர்களில் ஒருவர் றொபேட் நொக்ஸ், மற்றவர் ஸ்டீபன் றட்லண்ட். இருவரும் 19 ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் பிடியில் இருந்தவர்கள். காட்டைக் கடந்து வந்த அவர்களிடம் ஒரு துவக்குக்கூட இல்லை.

ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் 1659 நவம்பரில் வீசிய புயலில் பாய்மரத்தை இழந்தது. அதைச் செப்பனிட மூதூருக்கு அருகிலுள்ள கொட்டியார்க் குடாவில் நங்கூரமிட்டார்கள். கப்பலின் தலைவர் நொக்ஸின் தந்தை. மறு ஆண்டில் தந்தையும் மகனும் மாலுமிகள் சிலரும் அரசனின் ஆட்களிடம் சிக்கினார்கள். 1661 இல் தந்தை காய்ச்சலில் இறந்தார். மகனைச் சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை. கண்டி நாட்டு ஊர்களில் குடியிருக்க விட்டார்கள். அவர் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், மூட்டை சுமந்து ஊர் ஊராக வியாபாரம் செய்தார். வியாபாரிக்கு வழி தெரிந்திருப்பதை யாரும் சந்தேகிப்பதில்லை. வடக்கே போகும் பாதைகளை ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் அறிந்துகொண்டார்.

1679 செப்டெம்பர் 22 அன்று இருவரும் எலதெத்த என்ற ஊரிலிருந்து புறப்பட்டார்கள். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் மான் வற்றல் வாங்க வந்ததாகச் சொன்னார்கள். அநுராதபுரம் வரை அந்தக் கதை எடுபட்டது. பிறகு வீடு திரும்புவதுபோலப் பாவனை செய்து வந்த வழியே நடந்து, ஒக்டோபர் 12 அன்று மல்வத்து ஓயாவை அடைந்ததும் பாதையை விட்டு ஆற்றோடு இறங்கிவிட்டார்கள். அநுராதபுரத்துக்கு மல்வத்து ஓயாவாக இருக்கும் அதே ஆறுதான் மன்னாருக்கு அருவியாறு. அதன் போக்கிலேயே போனால் கடல் வரும். அவர்களுக்கு வேறு வழிகாட்டி தேவைப்படவில்லை.

பின்னாளில் எழுதிய நூலில், தாம் கொண்டு சென்ற பொருள்களை நொக்ஸ் ஒவ்வொன்றாகக் கணக்கெழுதி வைத்திருக்கிறார். பத்து நாளுக்குப் போதுமான அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு. சமைக்க ஒரு சட்டி. தண்ணீர் மொள்ள இரண்டு சுரைக்குடுவைகள். வீட்டிலிருந்து எடுத்து வந்த கருப்பட்டியும் பலகாரமும், வெற்றிலை, புகையிலை. ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும் என்று, நெருப்பு மூட்டும் சக்கிமுக்கிப் பெட்டிகள் இரண்டு மூன்று. முள் தைக்காமல் செருப்பு வெட்டிக்கொள்ள ஒரு மான்தோல். நீண்ட தடியின் முனையில் கட்டிய சிறுகோடரி ஆளுக்கொன்று, இடுப்பில் ஆளுக்கொரு கத்தி. மழையில் கூடாரமாக விரிக்கத் தாளிப்பனை ஓலை இரண்டு. இதில் வீண் என்று ஒதுக்க ஒன்றுமில்லை. யானைகள் நெருங்கியபோது அவர்களைக் காத்தது சக்கிமுக்கிப் பெட்டி தந்த நெருப்பு.

தாளிப்பனை ஓலை கண்டிப் படைவீரனின் சாமான்களில் ஒன்று. முழு ஓலையை விரித்தால் பதினைந்து இருபது பேர் மழைக்கு ஒதுங்கலாம். விசிறிபோல மடித்தால் ஒரு மனிதனின் கைப் பருமனுக்குச் சுருங்கிவிடும் என்று நொக்ஸ் எழுதுகிறார். காயவைத்த ஓலை வலுவானது, பாரமும் இல்லை. அதை வேண்டிய அளவுக்கு வெட்டி, கூர்நுனி முன்னே வருமாறு தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தால் பற்றைக்குள்ளும் நுழைந்து போகலாம். படையெடுப்புக் காலத்தில் ஒவ்வொரு வீரனும் தன் உணவைத் தானே சுமந்தான். இரவில் ஓலையைக் கம்புகளில் விரித்து அதன் கீழ்ப் படுத்தான். அரசனிடமிருந்து தப்பியவர்கள் அரசனின் படை பழகிய முறையிலேயே காட்டைக் கடந்தார்கள்.

அந்தப் படையிடம் நல்ல துவக்குகளும் இருந்தன. போர்த்துக்கேயர் வந்த பின் நூறாண்டுக்குள் இலங்கைக் கொல்லர்கள் துவக்குச் செய்யும் கலையில் பெயரெடுத்துவிட்டார்கள். அவர்களுடைய வேலையைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். விசைப்பொறி வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் இருக்கும். தோளில் பதியும் அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருள் வடிவில் வளைந்திருக்கும். மரத்தில் தந்தமும் வெள்ளியும் இழைத்திருப்பார்கள். ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடித்தேடி வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

சில சேகரிக்கப்படவில்லை, கொள்ளையடிக்கப்பட்டன. 1765 இல் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனைக்குள் புகுந்தபோது பொன், வெள்ளி, மாணிக்கம் பதித்த சிறு பீரங்கி ஒன்றைக் கொண்டு போனது. அம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்த அந்த லெவ்கே பீரங்கி, இரண்டு வாள்கள், ஒரு கத்தி, மகாதுவக்கு எனப்படும் இரண்டு பெருந்துவக்குகள் ஆகியவற்றுடன் 2023 டிசெம்பரில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தது. இரண்டரை நூற்றாண்டு கழித்தாவது அவை வந்தது மகிழ்ச்சிக்குரியது.

மன்னாருக்கும் படைக்கலத்துக்கும் உள்ள உறவு நொக்ஸின் வருகையைவிடப் பழையது. 1560 இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து வந்த போர்த்துக்கேய அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா, மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டை எழுப்பினார். 1658 பெப்ரவரியில் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர்; யாழ்ப்பாணம் அவர்களிடம் வீழ்ந்தது அதே ஆண்டு யூனில்தான். 1795 இல் பிரித்தானியர் வந்தார்கள். அரிப்பிலிருந்து நொக்ஸும் றட்லண்டும் இந்த மன்னார்க் கோட்டைக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்த ஒல்லாந்தப் படையில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரரும் ஓர் அயர்லாந்துக்காரரும் இருந்தார்கள். தம் மொழி பேசும் இருவர் வந்த செய்தி கேட்டு அவர்கள் ஓடி வந்து பார்த்தார்கள்.

மூன்று வல்லரசுகளும் இந்தக் கரையில் காவல் போட்டதற்கு முத்து ஒரு பெரிய காரணம். முத்துக்குளிப்பவரின் சாமான்களும் உயிர்காக்கும் சாமான்களே. ஆளை விரைவாக அடித்தளத்துக்கு இறக்கக் கயிறு கோத்த கல், சிப்பி அள்ளிப் போட வலைப்பை, மேலே தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்கும் நம்பிக்கையான ஒரு துணையாள். அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் கொம்பால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொண்டார்கள். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் தெரிந்த கடல்கட்டி இல்லாமல் பலர் கடலில் இறங்க மறுத்தார்கள். பிரித்தானிய அரசும் கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோவின் குறிப்பில், இத்தகைய மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்தது. முத்துக்குளிப்பை மேற்பார்க்கப் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் அரிப்பில் கட்டிய டொரிக் மாளிகை இன்று கடலரிப்பால் இடிந்துகொண்டிருக்கிறது.

அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் எது இடம்பிடிக்கிறது என்று பார்த்தால் ஒரு வழக்கம் தெரியும். வெள்ளி இழைத்த துவக்கும் பொற்பிடி வாளும் உள்ளே போகின்றன. அவற்றைச் செய்வித்தவர்கள் அரசர்கள், எடுத்துச் சென்றவர்கள் தளபதிகள். இருவரும் கணக்கு வைத்தார்கள். சுரைக்குடுவை வெடித்தால் எறியப்பட்டது. ஓலை கிழிந்தால் அடுப்புக்குப் போனது. கடலுக்கடியில் எத்தனையோ பேரின் உயிருக்குப் பொறுப்பாக இருந்த கல்லுக்கு விலை சொல்ல யாரும் இல்லை. ஆயுதத்தின் வரலாறு பொருளாகவே நிலைத்திருக்க, பிழைத்திருந்தவர்களின் வரலாறு எழுத்தை நம்பி நிற்கிறது. அந்த எழுத்தும் நொக்ஸைப்போல யாராவது தன் மூட்டையை அவிழ்த்துக் காட்டினால்தான் உண்டு.

1680 இல் இலண்டன் சேர்ந்த நொக்ஸ், மறு ஆண்டே தன் நூலை வெளியிட்டார். முன்னுரை அறிவியலாளர் றொபேட் ஹூக்குடையது. தாளிப்பனை ஓலையைத் தலைக்குமேல் பிடித்து மழைக்கு ஒதுங்கி நிற்கும் மனிதனின் செதுக்குப்படம் ஒன்றும் அதில் உண்டு.

மன்னார்க் கோட்டையின் மதில்கள் தீவின் வாசலில், பாலத்தருகே நிற்கின்றன. அங்கே ஓர் அறையில் இந்தப் பொருள்களை வைக்கப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஓலையை மடிக்கவும், குடுவை குடைந்து காயவைக்கவும், கயிறு கோத்த கல் எப்படி இறங்கியது என்று சொல்லவும் தெரிந்தவர்களைத் தேடி, அவர்கள் கையாலேயே செய்வித்து, பெயரும் பயனும் எழுதி வைத்தால் போதும். பக்கத்தில் நொக்ஸின் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டினால், அருவியாற்றோடு நடந்து வந்த அந்த ஆறு நாள்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விளங்கும்.